பம்பைக் கழற்றுமுன் பூட்டைப் போடுங்கள்!

செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் தோழர்களுக்கு இந்த வாரம் சில வார்த்தைகள். பழம் வெட்டும் தோழர்களும் படிக்கலாம். நாளைக்கு உங்கள் பிள்ளையே மில்லில் பிட்டராகப் போகக்கூடும்.

தொட்டிக்குத் தொட்டி எண்ணெய் தள்ளும் கியர் பம்பை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். உள்ளே இரண்டு பல்சக்கரங்கள். ஒன்றை மோட்டார் சுற்றும். மற்றது அதனோடு பல் கோத்துச் சுற்றும். இடுக்கில் சிக்கிய எண்ணெயை வெளியே தள்ளும். அந்தப் பல்லுக்கு எண்ணெயும் விரலும் ஒன்றுதான்.

ஆகவே ஸ்பேனரை எடுக்குமுன் பூட்டை எடுங்கள். சுவிட்சை அணைத்தது போதாதா என்று கேட்பீர்கள். நீங்கள் குனிந்து வேலை செய்யும்போது, அடுத்த ஷிப்டுக்காரர் "பம்பு ஏன் நிக்குது?" என்று பட்டனை அமுக்கினால் என்ன ஆகும்? சார்ஜ்மேனைக் கூப்பிட்டு மெயினில் கரண்டை நிறுத்தச் சொல்லுங்கள். அதைப் பூட்டி, அட்டை தொங்கவிட்டு, சாவியை உங்கள் பையில் போடுங்கள். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு வேண்டும். பிறகு ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால்தான் நம்பலாம்.

அடுத்து, இரண்டு பக்க வால்வுகளையும் மூடிப் பூட்டுங்கள். ஆலையில் எண்ணெய் 90 டிகிரி வாக்கில் ஓடும். அழுத்தமும் உள்ளே அடைபட்டிருக்கும். கையுறை, கண்ணாடி போட்டு மெதுவாக வடியுங்கள். அடியோடு ஆறவிட்டால் எண்ணெய் கெட்டியாகிவிடும். கை பொறுக்கும் சூட்டில் கழற்றுவது சுலபம்.

மூடிக்கும் பம்பு உடலுக்கும் சேர்த்து ஓர் அடையாளக் கோடு போடுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். மூடிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். பல பம்புகளில் கேஸ்கட்டின் தடிப்புத்தான் சக்கரத்துக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளியை வைத்திருக்கிறது. பழையதை அளந்து, அதே தடிப்பில் புதிது போடுங்கள். சீலின் பளபளப்பான முகத்தைத் தொடாதீர்கள். ஒரு கீறல் விழுந்தாலும் ஒழுகும். ரிலீஃப் வால்வு எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் திரும்ப வைக்க வேண்டும். வழி அடைத்திருந்தாலும் இந்தப் பம்பு தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த வால்வு வழிவிடாவிட்டால் குழாயோ பம்போ உடையும்.

"அதுக்கெல்லாம் நேரமில்லப்பா, மில்லு நிக்குது!" இந்தப் பேச்சை நாங்கள் பல கிளைக் கூட்டங்களில் கேட்டிருக்கிறோம். சட்டம் என்ன சொல்கிறது? 1994 ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, பத்திரமான வேலைமுறையைச் செய்து தருவது முதலாளியின் கடமை. சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புச் சாமானுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. 2024 ஜூன் 1 முதல் அமலில் உள்ள திருத்தம் இன்னொரு உரிமையும் தருகிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த வேலையை விட்டு நாம் விலகலாம். முதலில் ஆபத்தை எடுத்துச் சொல்லுங்கள். சாட்சிக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். உங்கள் மில்லில் இருக்கிறதா? அடுத்த கூட்டத்தில் ஆளுக்கொரு பூட்டு கேளுங்கள், தோழர்களே. தராவிட்டால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். சங்கம் வந்து கேட்கும்.