உயிரோடு இருக்கும்போதே கைகொடுப்போம்: இருதய பலவீன நோயாளியும் நமது கடமையும்



மரணாதார சங்கம் இல்லாத டிவிஷனைக் காண்பது அரிது. மாதாமாதம் சந்தா கட்டுகிறோம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெட்டி, பந்தல், தேத்தண்ணி, கருமாதிச் செலவு என்று எல்லாவற்றுக்கும் சங்கம் முன்னால் நிற்கிறது. பாட்டன் பூட்டன் காலத்து நல்ல வழக்கம் அது. ஆனால் அதே மனிதர் உயிரோடு இருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த காலத்தில், அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக பஸ் காசு கொடுத்தது யார்? இந்தக் கேள்வியை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இது என்ன நோய்?

வைத்தியர்கள் இதனை ‘இருதயச் செயலிழப்பு’ என்பார்கள். பெயரைக் கேட்டதும் “இருதயம் நின்னு போச்சாம்” என்று பயப்பட வேண்டாம். இருதயம் நிற்கவில்லை. உடம்புக்கு வேண்டிய அளவு இரத்தத்தைத் தள்ள அதற்கு ஏலாமல் போய்விட்டது. இதனால் நுரையீரலிலும், காலிலும், வயிற்றிலும் நீர் கட்டுகிறது.

மாரடைப்பு, கவனிக்காமல் விட்ட பிரஷர், சீனி வியாதி, அளவு மீறிய குடி ஆகியவை முக்கிய காரணங்கள். இன்னொன்றும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு வரும் ஒருவகைத் தொண்டை வலி, சரியாக மருந்து செய்யாவிட்டால் வாதக் காய்ச்சலாக மாறி இருதய வால்வைப் பழுதாக்கும். நெருக்கமான லயக் காம்பராக்களில் இத்தொற்று இலகுவாகப் பரவும். வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடச் சொல்வார்கள். “பிள்ளை நல்லாத்தானே ஓடியாடுது” என்று அதை இடையில் நிறுத்தக்கூடாது.

அடையாளங்கள்

“மலையேறினா மூச்சு வாங்குது, வயசாச்சு இல்லையா?” என்று நம்மில் பலர் சொல்லிவிட்டுப் போகிறோம். நேற்றுவரை கொழுந்துக் கூடையோடு ஏறிய மேட்டில் இன்று இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தால் அது வயதினால் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மல்லாந்து படுக்க ஏலாமல் இரண்டு மூன்று தலையணை வைத்துப் படுப்பது, நடுச்சாமத்தில் மூச்சு முட்டி எழும்புவது, காலில் விரலால் அழுத்தினால் குழி விழுவது, எப்போதும் களைப்பாக இருப்பது என்பவை அடையாளங்கள். இவற்றைக் கண்டால் கசாயம் குடித்துக்கொண்டிருக்காமல் தோட்ட டிஸ்பென்சரியிலோ அரசாங்க வைத்தியசாலையிலோ காட்ட வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மடுவத்தில் கொழுந்து நிறுத்துப் பழகியவர்கள் நாம். நோயாளியையும் அதுபோல் நிறுக்க வேண்டும். காலையில் எழும்பி, சலம் கழித்தபின், சாப்பிடுமுன் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதை அல்ல, நீர். கிளினிக் திகதி வரும்வரை காத்திராமல் உடனே காட்டுங்கள்.

உப்பைக் குறைப்பதும் முக்கியம். கருவாடு, ஊறுகாய், பப்படம், உப்புத் தூக்கலான கட்டச்சம்பல் ஆகியவற்றை ஒதுக்குங்கள். வீடு முழுவதும் ஒரே கறி சாப்பிடுவதால், அம்மாமார் முதலில் உப்பைக் குறைத்துச் சமைத்து, வேண்டியவர்கள் தட்டில் போட்டுக்கொள்ளட்டும்.

கிளினிக் நாளில் பஸ்ஸில் சலம் முட்டும் என்று பலர் தண்ணி மாத்திரையைக் குடிப்பதில்லை. இது ஆபத்தானது. பிரயாண நாளில் எத்தனை மணிக்குக் குடிக்கலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள். உடம்பு சுகமான மாதிரி இருக்கிறதென்று மாத்திரையை நிறுத்தவும் கூடாது. கை கால் வலிக்கென்று கடையில் வாங்கும் சில வலி மாத்திரைகள் உடம்பில் நீரைக் கட்டவைக்கும். கேட்காமல் வாங்க வேண்டாம்.

திடீரென்று மூச்சு முட்டினால் படுக்கவிடாமல் சாய்த்து உட்கார வையுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்டது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், வாகனம் வரக்கூடிய சந்தி ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். சந்திவரை நோயாளியை நடக்க விடாமல் கதிரையில் வைத்துத் தூக்கிச் செல்லுங்கள்.

கேட்டுப் பெறக்கூடிய உதவிகள்

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனாலும் சத்திரசிகிச்சை என்று வந்தால் சில உபகரணங்களுக்கோ பரிசோதனைகளுக்கோ செலவு வரலாம். அப்போது மீற்றர் வட்டிக்கு ஓடுமுன் பின்வருவனவற்றை விசாரியுங்கள்.

ஜனாதிபதி நிதியம்: 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்நிதியம் இருதய சத்திரசிகிச்சைக்கும் உதவுகிறது. முன்னர் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தவுடனேயே போவது நல்லது.

ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம்: நமது பெயரில் நிர்வாகம் 3 வீதம் கட்டும் நிதி இது. அங்கத்தவரின் இருதய சத்திரசிகிச்சைக்கு உதவும் திட்டம் இதில் உண்டு.

ஊழியர் சேமலாப நிதியம்: வேலையில் இருக்கும்போதே, குறிப்பிட்ட சில வைத்தியத் தேவைகளுக்கு 30 வீதம்வரை எடுக்க வழியுண்டு. பத்து வருடமாவது அங்கத்தவராக இருந்திருக்க வேண்டும். மற்ற நிபந்தனைகளைத் தொழில் காரியாலயத்தில் கேளுங்கள்.

எங்கே போனாலும் கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை ஒரு பையில் போட்டு வைத்திருங்கள்.

நமது டிவிஷன் செய்யக்கூடியது

மேலே சொன்ன நிதியுதவிகள் பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்கானவை. ஆனால் பல நோயாளிகளுக்கு வருடக்கணக்கில் வேண்டியது மாத்திரையும் கிளினிக்கும்தான். மாத்திரை இலவசம் என்றாலும் பஸ் காசு இலவசம் அல்ல. துணைக்குப் போகும் மனைவிக்கு அன்றைய பேர் இல்லை. இரண்டு மாதம் சமாளிப்பார்கள். மூன்றாம் மாதம் “அடுத்த தடவை போகலாம்” என்பார்கள். மாத்திரை முடிந்துவிடும். மூத்த பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் நிற்கும். இப்படித்தான் ஒரு குடும்பம் சத்தமில்லாமல் சரிகிறது.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இதுதான். மரணாதார சங்கச் சந்தாவோடு ஒரு சிறு தொகையை ‘நோயாளர் துணை’ என்று தனியாகச் சேர்க்கலாம். பொதுக்கூட்டத்தில் தீர்மானித்து, மூவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கில் வைத்து, கணக்கை மாதர் சங்கமும் பார்க்கட்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் யாரும் யார் பெயரிலும் காசு சேர்க்கக்கூடாது. அந்தப் பணம் முதலில் கிளினிக் பயணத்துக்கே போகட்டும்.

காசு இல்லாத உதவியும் உண்டு. வேலையில்லாத நாளில் ஒருவர் துணைக்குப் போகலாம். படித்த தம்பி தங்கைமார் விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். விறகும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுக்கலாம். நோயாளியைப் பார்க்கப் போகும்போது “இனி எங்கே பிழைக்கப் போறாரு” என்று காதுபடப் பேசாமல் இருப்பதும் உதவிதான். ஒழுங்காக மருந்து குடித்து, நீர் கட்டாமல் பார்த்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளோடு பல வருடம் வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

சாவு வீட்டுக்கு நாம் எல்லோரும் வருகிறோம். இனி நோய் வீட்டுக்கும் வருவோம். உங்கள் டிவிஷனில் அடுத்த சங்கக் கூட்டத்தில் இக்கட்டுரையை ஒருவர் வாசித்துக் காட்டும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.