பழைய காருக்குப் பாகம் எங்கே?

சாலையில் எப்போதாவது ஒரு மோரிஸ் மைனர் காரைப் பார்த்திருக்கிறீர்களா? உருண்டு திரண்ட முதுகுடன் ஆமைபோல் நகரும் சின்னஞ்சிறு கார் அது. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியல் வல்லுநர் வடிவமைத்தது. 1948இல் இங்கிலாந்தில் பிறந்த அந்தக் காரின் உற்பத்தி 1970களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. இன்று அதன் எஞ்சின் தேய்ந்துபோனால் என்ன செய்வது? பாகங்களைக் கப்பலில் வரவழைக்கக் கையில் பணமில்லை என்றால், காரைப் பழைய இரும்புக் கடையில் போட வேண்டியதுதானா?

வேண்டியதில்லை. அதைக் காப்பாற்றும் கருவி ஒன்று உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கிறது. அதுதான் திருகு அளவி!

கதவு மூடியது, பட்டறை திறந்தது

பாகங்களை இறக்குமதி செய்து, இங்கே இணைத்து மட்டும் விற்கும் கார் நிறுவனங்கள் இனி வேண்டாம் என்று 1953இல் இந்திய அரசு முடிவு செய்தது. 1928 முதல் மும்பையில் கார்களை இணைத்து வந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் தன் ஆலையை மூடியது. வெளிநாட்டுக் கார் வைத்திருந்தவர்கள் பாகங்களுக்குத் திண்டாடினார்கள்.

அதே காலத்தில் சென்னையின் மேற்கிலும் வடக்கிலும் புதிய ஆலைகள் எழுந்தன. 1949இல் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது. பாடியில் 1961இல் லூகாஸ் டிவிஎஸ், 1962இல் பிரேக்ஸ் இந்தியா ஆகியவை வந்தன. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவாயிற்று. பெரிய ஆலைகளைச் சுற்றி லேத் பட்டறைகள் பெருகின. அங்குள்ள தொழிலாளர்களுக்குக் காரின் பெயர் முக்கியமல்ல, பாகத்தின் அளவுதான் முக்கியம்.

எங்கே தேய்கிறது?

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. உச்சிக்குப் போனதும் ஒரு கணம் நின்று திரும்புகிறது. வெப்பமும் அழுத்தமும் மிகுந்த அந்த இடத்தில் எண்ணெய்ப் படலம் மெலிந்துவிடும். எனவே சிலிண்டரின் மேற்பகுதியே அதிகம் தேய்கிறது. இடைவெளி பெருகியதும் எண்ணெய் மேலேறி எரிகிறது. புகைக்குழாயிலிருந்து நீலப் புகை வருவது இதனால்தான்.

இதற்குப் புது எஞ்சின் தேவையில்லை. சிலிண்டரைச் சற்றே பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட்டால் போதும். இதை ‘ரீபோரிங்’ என்பார்கள். பிஸ்டனின் விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30 பங்கு என்று படிப்படியாகக் கூடும். கடைசி அளவையும் தாண்டிவிட்டால், உள்ளே ஓர் இரும்பு ஸ்லீவை இறுக்கிப் பொருத்திப் பழைய அளவுக்கே திரும்பலாம்.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 1952–56 காலத்து மைனரின் சிலிண்டர் விட்டம் 5.79 செ.மீ. பிஸ்டன் ஓடும் தூரம் 7.62 செ.மீ., அதாவது சரியாக 3 அங்குலம். சிலிண்டர்கள் நான்கு. உருளையின் கன அளவு வாய்பாட்டின்படி சுமார் 803 க.செ.மீ. வரும். விட்டத்தை அரை மில்லிமீட்டர் கூட்டினால் ஏறக்குறைய 14 க.செ.மீ. அதிகமாகும், அவ்வளவே!

ஆனால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி இருந்தாக வேண்டும். ஏன் தெரியுமா? அலுமினியப் பிஸ்டன், வார்ப்பிரும்புச் சிலிண்டரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும். இடைவெளி போதாவிட்டால் ஓடும்போதே பிஸ்டன் இறுகிக்கொள்ளும். 0.01 மி.மீ. வரை காட்டும் திருகு அளவியின் அருமை இப்போது புரிகிறதா?

பெட்ரோலும் மாறியது

2000இல் இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. நம் மூச்சுக்கு அது நல்லதே. ஆனால் அந்த ஈயம் பழைய எஞ்சின்களில் வால்வு அமரும் இடத்தைத் தேயாமல் காத்து வந்தது. இப்போது அங்கே கடின உலோக வளையம் பொருத்துகிறார்கள். இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். அவற்றையும் மாற்றிவிட வேண்டும்.

எதில் சிக்கனம் கூடாது?

பிரேக்கில் கூடாது. மிதியை அழுத்தினால், பாஸ்கல் விதிப்படி திரவத்தின் வழியே அழுத்தம் எல்லாச் சக்கரங்களுக்கும் செல்கிறது. அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துக் குமிழிகள் உண்டாகும். குமிழி நசுங்குமே தவிர அழுத்தத்தைக் கடத்தாது. கார் நிற்காது! ஆகவே திரவத்தையும் ரப்பர் வளையங்களையும் காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். நீலப் புகையோடு கார் வீடு வந்து சேரலாம், பிரேக் இல்லாமல் வரமுடியாது.

செய்து பாருங்கள்

சைக்கிள் கடையில் பின்சக்கரத்துக்குரிய கால் அங்குல பால்ரஸ் குண்டுகளில் புதியது ஒன்றும், கழித்துப் போட்டது ஒன்றும் கேட்டு வாங்குங்கள். புதியது 6.35 மி.மீ. இருக்கும். பழையதைப் பல பக்கங்களிலும் திருகு அளவியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அது இன்னும் உருண்டையாகத்தான் இருக்கிறதா?