ஒரே வகுப்பறை.. ஒட்டாத மாணவர்கள்.. 1971-ல் ‘ஜிக்சா’ வகுப்பு செய்தது என்ன?

காலேஜில் குரூப் செமினார் என்றால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஐந்து பேர் குரூப்பில் ஒருவர் ராத்திரி கண் விழித்து பிபிடி தயார் செய்வார். நன்றாகப் பேசுகிற ஒருவர் முன்னால் நின்று பேசுவார். மீதி மூன்று பேர் பக்கத்தில் நின்று ஸ்லைடு மாற்றுவார்கள். மார்க் மட்டும் ஐந்து பேருக்கும் ஒன்றுதான்.

குழுவாகப் பேசிப் பழக வேண்டும் என்பதற்காக வைக்கிற செமினாரில், ஏற்கெனவே பேசத் தெரிந்தவரே மறுபடியும் பேசிவிட்டுப் போகிறார். பேசாதவர் கடைசி வரை பேசுவதே இல்லை.

இதே சிக்கலை, இதைவிடப் பல மடங்கு கொதிப்பான சூழலில் சந்தித்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் ஆஸ்டின். அங்கே தீர்வாக வந்ததும் வகுப்பறை பிரசன்டேஷன்தான். ஆனால், அதன் விதிகள் வேறு.

ஆஸ்டினில் என்ன பிரச்னை?

கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளைத் தனித்தனி அரசுப் பள்ளிகளில் படிக்க வைப்பது அரசமைப்புக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-ம் ஆண்டு தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்துவிட்டது, நடைமுறை வரவில்லை. பல ஊர்களில் அதற்கு இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன.

ஆஸ்டினில் 1971-ல்தான் வெள்ளையின, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகள் பலர் முதன்முறையாக ஒரே வகுப்பறையில் உட்கார்ந்தார்கள். அதுவரை அவர்கள் வாழ்ந்த தெருக்களே வேறு வேறு. சில வாரங்களுக்குள் பள்ளி வராந்தாவிலும் மைதானத்திலும் அடிதடி ஆரம்பித்துவிட்டது.

நிலைமையைச் சமாளிக்க, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் பேராசிரியராக இருந்த எலியட் அரான்சனின் உதவியை நாடியது பள்ளி நிர்வாகம். அவருக்கு இந்த விஷயம் வெறும் பாடப்புத்தகச் சமாச்சாரம் அல்ல. யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ரிவியர் ஊரில், தன் இனத்தைக் காரணம் காட்டி அடித்த பசங்களிடம் அடிவாங்கி வளர்ந்தவர். முன்பின் தெரியாத தன் மேல் இவர்களுக்கு ஏன் இத்தனை வெறுப்பு என்ற கேள்வி சின்ன வயதிலேயே அவரைப் பிடித்துக்கொண்டது.

சண்டை வராந்தாவில்.. காரணம் வகுப்பறையில்!

அரான்சனும் அவருடைய மாணவர்களும் சண்டை நடந்த இடத்தை விட்டுவிட்டு, நேராக வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்து கவனித்தார்கள். அங்கே கண்ட காட்சி நமக்கும் பழக்கமானதுதான்.

டீச்சர் ஒரு கேள்வி கேட்கிறார். சில கைகள் உயர்கின்றன. ஒருவரை எழுப்புகிறார். மற்றவர்கள் ‘ச்சே’ என்று முகம் சுளிக்கிறார்கள். எழுந்தவன் தப்பாகச் சொல்லிவிட்டால் இவர்களுக்குக் கொண்டாட்டம், ஏனென்றால் அடுத்த வாய்ப்பு இவர்களுக்கு. கை தூக்காத குழந்தைகளோ, டீச்சர் கண்ணில் படாமல் குனிந்துகொள்கிறார்கள்.

ஆக, தன் பக்கத்து பெஞ்ச் மாணவன் தோற்றால்தான் தனக்கு ஜெயம் என்பதை வகுப்பறையே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து வந்த கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்கு இந்தப் போட்டி முதல் நாளே சமமானதாக இல்லை. வெவ்வேறு பின்னணி கொண்டவர்களைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தால் மட்டும் போதாது என்று கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே எழுதியிருந்தார். சமமான இடம், பொதுவான இலக்கு, ஒத்துழைத்தே தீர வேண்டிய வேலை, மேலிருப்பவர்களின் ஆதரவு ஆகியவை இருந்தால்தான் தப்பெண்ணம் கரையும் என்பது அவருடைய வாதம். ஆஸ்டின் வகுப்பறையில் இவற்றில் பெரும்பாலானவை இல்லை.

ஜிக்சா வகுப்பு எப்படி நடக்கும்?

துண்டு துண்டான அட்டைகளைச் சேர்த்துப் படமாக்கும் விளையாட்டு ஜிக்சா. ஒரு துண்டு காணாமல் போனாலும் படம் முழுமையாகாது. அதே யோசனைதான் இங்கேயும்.

ஐந்து அல்லது ஆறு பேர் கொண்ட குழு. எல்லா இனக் குழந்தைகளும், நன்றாகப் படிப்பவர்களும் சுமாராகப் படிப்பவர்களும் அதில் கலந்திருப்பார்கள். ஒருவரின் வாழ்க்கை வரலாறு பாடம் என்று வைத்துக்கொள்வோம். அது ஆறு பகுதிகளாக வெட்டப்படும். ஒவ்வொரு குழந்தையின் கையிலும் ஒரே ஒரு பகுதி. மற்ற ஐந்து பகுதிகளைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது.

தன் பகுதியைப் படித்த பிறகு, வேறு குழுக்களில் அதே பகுதி கிடைத்த மாணவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து விவாதிப்பார்கள். இதற்கு ‘நிபுணர் குழு’ என்று பெயர். மெதுவாகப் படிக்கிற பையன் தன் பகுதியைச் சரியாகப் புரிந்துகொண்டு, ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வது இங்கேதான். அப்புறம் சொந்தக் குழுவுக்குத் திரும்பி, தன் பகுதியை மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். கடைசியில் முழுப் பாடத்துக்கும் தேர்வு.

அந்தத் தேர்வு ஆளாளுக்குத் தனித்தனி. குழுவுக்கு ஒரே மார்க் கிடையாது! நம்ம ஊர் செமினாரோடு ஒப்பிட்டால் அப்படியே தலைகீழ். இங்கே மார்க்கைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். அங்கே பங்கு போடப்பட்டது பாடம். பின்னாளில் குழு மதிப்பெண் சேர்த்த வேறு வடிவங்களும் வந்தன, ஆனால் ஆஸ்டினில் தொடங்கியது இப்படித்தான்.

கார்லோஸ் ஏன் பேசவில்லை?

அரான்சன் தன் எழுத்துகளில் ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்கிறார். கார்லோஸ் என்பது அவனுக்கு அவர் வைத்த பெயர். வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவன். ஆங்கிலம் தெரியும், ஆனால் தடுமாறுவான். உச்சரிப்பைக் கேட்டு வகுப்பு சிரிக்கும்.

டீச்சருக்கும் அவனுக்கும் இடையே சொல்லாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. அவன் வாயைத் திறக்க மாட்டான், அவர் அவனைக் கேள்வி கேட்க மாட்டார். அவமானப்படுத்த வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான். ஆனால், இவனுக்கு எதுவும் தெரியாது என்று அந்த நல்லெண்ணமே வகுப்பு முழுவதற்கும் முத்திரை குத்திவிட்டது.

ஜிக்சா வந்ததும் ஒப்பந்தம் செல்லாது. பத்திரிகையாளர் ஜோசப் புலிட்சரின் வாழ்க்கைதான் பாடம். அதில் ஒரு பகுதி கார்லோஸ் கையில். அவன் திணறித் திணறிப் பேச, குழுவில் இருந்தவர்கள் பழக்கதோஷத்தில் கிண்டல் செய்தார்கள். கவனித்துக்கொண்டிருந்த உதவியாளர் யாரையும் திட்டவில்லை. கிண்டல் செய்வதென்றால் செய்துகொள்ளுங்கள், ஆனால் புலிட்சர் வாழ்க்கையின் அந்தப் பகுதி உங்களுக்குத் தெரியாமலே போகும், தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்று நினைவுபடுத்திவிட்டு நகர்ந்துவிட்டார்.

கார்லோஸை வாயடைப்பதால் இப்போது யாருக்கும் லாபம் இல்லை. அவனிடமிருந்து விஷயத்தை வாங்கியாக வேண்டும். சில நாட்களில் அந்தக் குழந்தைகள் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டார்கள். அதற்கு அப்புறம் என்ன ஆச்சு, அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று கிட்டத்தட்டப் பேட்டி எடுப்பவர்கள்போல மாறினார்கள். கார்லோஸுக்கும் கூச்சம் குறைந்து பேச்சு சீரானது. நாம் நினைத்ததைவிட இவன் கெட்டிக்காரன் என்று அவர்களுக்குப் புரிந்தது. வகுப்பு அவ்வளவு மோசமில்லை என்று அவனுக்கும் பட்டது.

பிரசன்டேஷன் என்றாலே பேசுபவருக்கான பயிற்சி என்று நினைக்கிறோம். ஆஸ்டினில் பெரிய பயிற்சி கேட்பவர்களுக்குத்தான் கிடைத்தது.

பண்பாடு கடந்த தொடர்பு பற்றிய படிப்பின் முன்னோடியான எட்வர்ட் ஹால் 1959-ல் வெளியிட்ட புத்தகத்துக்கு வைத்த தலைப்பே ‘மௌன மொழி’ என்று பொருள்படும். சொற்களைத் தாண்டி, நேரத்தையும் இடைவெளியையும் ஒவ்வொரு பண்பாடும் ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது என்றவர் அவர். கார்லோஸின் மௌனத்துக்கு வகுப்பு கொடுத்த அர்த்தம் வேறு, அவன் மனதில் இருந்த காரணம் வேறு. இதைத் தியரியாக நடத்தினால் தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துவிடலாம்.

பலன் கிடைத்ததா?

ஜிக்சா குழுக்களில் படித்த குழந்தைகள் தங்கள் குழுவினரை முன்பைவிட அதிகம் விரும்பினார்கள், தன்னம்பிக்கையும் கூடியது என்று அரான்சன் குழுவினர் பதிவு செய்தனர். 1976-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், கறுப்பின மற்றும் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளின் தேர்வு மதிப்பெண் வழக்கமான வகுப்புகளைவிட நன்றாக இருந்தது. வெள்ளையினக் குழந்தைகளின் மதிப்பெண் குறையவில்லை. நம் பிள்ளை படிப்பு கெட்டுவிடுமோ என்ற பெற்றோர் கவலைக்கு அதுவே பதில்.

ஆனால், இது எங்கே வைத்தாலும் வேலை செய்யும் மந்திரம் இல்லை. பிரான்ஸில் ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2022-ல் வெளியான ஐந்து பரிசோதனைகளில், பாடம் கற்பதில் ஜிக்சாவால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. இது மார்க் பற்றிய முடிவு. பகை தணிந்ததா என்பது தனிக் கேள்வி.

நம்ம செமினார் ஏன் சொதப்புகிறது?

அதற்கும் பழைய விளக்கம் ஒன்று உண்டு. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்தார். 1913-ல் வெளியான அவருடைய கணக்குப்படி, எட்டு பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒருவருக்குக் கிடைப்பது தனியாக இழுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதிதான். ஒரே நேரத்தில் இழுக்காததும் ஒரு காரணம். நாம் விட்டாலும் மற்றவர் இழுப்பார் என்ற நினைப்பு இன்னொன்று. 1979-ல் அமெரிக்காவில் பிப் லதானேவும் சக ஆய்வாளர்களும் மாணவர்களைக் கைதட்டவும் கத்தவும் வைத்துப் பார்த்தபோதும், தன் பங்கு தனியாகத் தெரியாத இடத்தில் ஆட்கள் முயற்சியைக் குறைத்துக்கொள்வது உறுதியானது. அதற்கு ‘சமூகச் சோம்பல்’ என்று பெயர்.

ஸ்லைடு மாற்றும் அந்த மூன்று பேரைச் சோம்பேறிகள் என்று திட்டுவதற்கு முன்னால், அவர்கள் இல்லாமலும் அந்த செமினார் நடந்திருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜிக்சாவில் அது நடக்காது.

ஜிக்சாவிலும் தலைவலிகள் உண்டு. அதிகம் பேசுகிற ஒருவர் குழுவைக் கையில் எடுத்துக்கொள்வார். வேகமாகப் படிப்பவருக்கு அலுப்புத் தட்டும். முதல் தலைவலிக்கு அரான்சன் சொன்ன வழி, குழுவை நடத்தும் பொறுப்பைத் தினமும் ஒருவரிடம் மாற்றிக்கொடுப்பது. இரண்டாவதற்கு, வேகமாகப் படிப்பவரை ஆசிரியர் இடத்தில் உட்கார வைத்து, மற்றவருக்குப் புரிய வைப்பதையே அவருக்கான சவாலாக மாற்றுவது. இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. பாடத்தை ஆறாக வெட்ட ஒரு கத்தரிக்கோலும், வகுப்பு நேரத்தில் ஒரு மணி நேரமும் போதும். அந்த ஒரு மணி நேரம் டீச்சர் லெக்சர் எடுக்காமல், குழுவுக்குக் குழு நடந்துகொண்டே இருக்க வேண்டும்.