டபுள் பேஸும் வில்லும்: ஏன் கீச்சுன்னு கத்துது?

டபுள் பேஸ் கத்துக்க ஆரம்பிச்சவங்க எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. விரலால மீட்டினா கம்பீரமா வர்ற தந்தி, வில்லை வச்சதும் ஏன் எண்ணெய் காணாத கதவு மாதிரி கத்துது?

எனக்கும் முதல் ரெண்டு மாசம் அதேதான். சென்னையில வாடகைக்கு எடுத்த பேஸ், ஆறடி உயரம். அதோட ஆரணி பஸ்ல ஏற முடியாது. அதனால ஊருக்கு, சந்தவாசலுக்குப் போனப்போ ரெக்கார்டிங் மட்டும் கொண்டுபோனேன். தறிக்குழியில உட்கார்ந்தபடியே கேட்ட சித்தப்பா, "ஏன்டா அதைப் போட்டு இப்படி நசுக்குற?"ன்னார். இசை தெரியாத மனுஷர், ஆனா சரியாப் பிடிச்சுட்டார்.

வில்லில் இருப்பது ரோசின் தடவின குதிரைவால் முடி. அது தந்தியை ஒட்டிப் பிடிச்சு இழுக்கும். ஒரு கட்டத்துல தந்தி நழுவித் திரும்பும், மறுபடி ஒட்டும். ஒவ்வொரு அதிர்வுக்கும் சரியா ஒருமுறை இது நடந்தாத்தான் சுத்தமான நாதம்.

இதுக்குக் கணக்குப் போட்டவர் திருச்சியில பிறந்த நம்ம சி.வி. ராமன். ராமன் விளைவுக்குப் பத்து வருஷம் முன்னாடி, 1918-ல, கல்கத்தாவிலிருந்து எழுதினார். அப்புறம் வயலின் வாசிக்க ஒரு இயந்திரமே செஞ்சார். அதுல வில் அசையாது, வயலின்தான் போய்ப் போய் வரும்! குதிரைக்கு, அதாவது பிரிட்ஜுக்கு, நெருங்க நெருங்க அதிக அழுத்தம் வேணும். வேகமா இழுத்தாலும் அப்படியே. (முடியும் குதிரை, கட்டையும் குதிரை. குழம்பாதீங்க.) அழுத்தம் குறைஞ்சா விசில், கூடினா கரகரப்பு. குதிரைக்குப் பக்கத்துல இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடம் ரொம்பக் குறுகல். புதுசா கத்துக்கிறவங்க அங்க போகவே வேண்டாம்.

பேஸ்ல இன்னொரு சிக்கல், லேட்டன்சி. அதோட தடித்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 முறைதான் அதிரும். வயலினோட மெல்லிய தந்தி 659 முறை. நாதம் நிலைக்கப் பத்து சுற்று வேணும்னு வச்சுக்குவோம். வயலினுக்கு 15 மில்லி செகண்ட், பேஸுக்குக் கால் நொடி. அந்தக் கால் நொடி பொறுக்காமதான் நான் நசுக்கிட்டிருந்தேன். பேஜ் லோட் ஆகலன்னு ரெஃப்ரெஷ் அடிச்சுக்கிட்டே இருப்போம்ல, அதே புத்தி.

இப்ப நான் செய்றது இதான். விரல் பலகை முடியுற இடத்துக்கும் குதிரைக்கும் நடுவுல வில்லை வைப்பேன். முடி தந்தியைக் கவ்வுறது கையில தெரியுற வரைக்கும் நகர்த்த மாட்டேன். அப்புறம் கையோட எடையை மட்டும் விட்டு, மெதுவா இழுப்பேன். பத்து நிமிஷம், திறந்த தந்தி மட்டும். வில் பிடிக்கிறதுல ஃப்ரெஞ்ச், ஜெர்மன்னு ரெண்டு முறை உண்டு. உங்க ஆசிரியர் எதுவோ அதுவே போதும்.

ரோசின் மட்டும் பேஸுக்கானதா வாங்குங்க. வயலின் ரோசின் கெட்டி. அதைத் தடவி ஒரு வாரம் வீணாக்கினேன். பேஸ் ரோசின் இளகினது, வெயில்ல நிக்கிற கார்ல விட்டா உருகி ஓடிடும்.

போன வாரம் சித்தப்பாவுக்குப் புது ரெக்கார்டிங் அனுப்பினேன். "பரவால்ல, இப்ப நசுக்கல"ன்னார். சுருதி சேருதான்னு நல்லவேளை கேட்கல. அது அடுத்த எபிசோடு.