வாவிக்கரை மாளிகை வங்குரோத்தான கதை

மக்களிடம் வரி கேட்காமலேயே ஓர் ஊர்ச்சபை வீதி போட்டு, விளக்கெரித்து, ஊழியருக்குச் சம்பளமும் கொடுக்க முடியுமா? அப்படி வாழ்ந்த ஊரொன்று ஐரோப்பாவில் இருந்தது. அதன் பெயர் கம்பியோனே. லுகானோ வாவிக்கரையில் இருந்த ஒரு சூதாட்ட விடுதியின் வருமானமே அந்த ஊரைத் தாங்கி நின்றது.

கம்பியோனே இத்தாலிக்குச் சொந்தமானது. ஆனால் அதைச் சுற்றியிருப்பது முழுவதும் சுவிற்சர்லாந்து. கி.பி. 777 இல் தோதோ என்ற நிலவுடைமையாளர் இவ்வூரை மிலான் நகரத் திருச்சபைக்கு எழுதிவைத்தார். பின்னாளில் அயல் நிலங்கள் சுவிஸ் வசமானபோதும் இவ்வூர் மட்டும் இத்தாலிப் பக்கமே நின்றுவிட்டது. சனத்தொகை சுமார் 2,000. கையில் புழங்குவதோ சுவிஸ் பிராங்.

இந்த விடுதி பிறந்ததே ஒரு யுத்தத்தின் நடுவில்தான். முதலாம் உலகப் போர் நடந்த 1917 ஆம் ஆண்டில் இதைத் திறந்தார்கள். வெளிநாட்டு இராஜதந்திரிகளை வரவழைத்து, அவர்களிடமிருந்து இரகசியத் தகவல் பெறுவதே நோக்கமாக இருந்தது. போர் ஓய்ந்தபின் 1919 இல் மூடப்பட்டு, 1933 இல் மீண்டும் திறக்கப்பட்டது. இத்தாலியில் நான்கே இடங்களில்தான் இத்தகைய விடுதிகளுக்கு அனுமதி. சுவிற்சர்லாந்திலோ பெருந்தொகைச் சூதாட்டத்துக்கு நெடுங்காலம் தடை இருந்தது. ஆகவே இரு நாட்டுப் பணக்காரரும் இந்த வாவிக்கரையைத் தேடி வந்தார்கள்.

அங்கே பணம் எப்படிச் சேர்ந்தது? ரூலெட் என்ற சுழல் சக்கரத்தைப் பாருங்கள். அதில் 0 முதல் 36 வரை 37 இலக்கங்கள் உண்டு. ஒவ்வோர் இலக்கத்திலும் 100 ரூபா வைத்தால் மொத்தம் 3,700 ரூபா. எந்த இலக்கம் விழுந்தாலும் திரும்பிக் கிடைப்பது 3,600 ரூபாதான். மிச்ச 100 ரூபா விடுதிக்கு. ஒருவர் இன்று வெல்லலாம், நாளை தோற்கலாம். ஆனால் காலப்போக்கில் ஒவ்வொரு 100 ரூபாவிலும் சராசரியாக 2 ரூபா 70 சதம் விடுதியின் பெட்டிக்குள் போய்ச் சேரும். இதற்குக் கள்ளம் தேவையில்லை, கணக்கே போதும். "விட்டதைப் பிடிப்பேன்" என்று உட்காருகிறவர் இந்தக் கணக்கோடுதான் மல்லுக்கட்டுகிறார்.

இப்படிப்பட்ட விடுதி நட்டப்படுமென்று யார்தான் நினைப்பார்? 2007 இல் பழைய கட்டடத்துக்குப் பதிலாக, பிரபல கட்டடக்கலைஞர் மாரியோ போத்தா வரைந்த பிரமாண்டமான மாளிகை திறக்கப்பட்டது. ஐரோப்பாவின் மிகப் பெரிய கசினோ என்று பெயரெடுத்தது.

ஆனால் காலம் மாறியிருந்தது. சுவிற்சர்லாந்து 1993 இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் தடையை நீக்கியது. பிறகு அயலிலுள்ள லுகானோவிலும் மென்றிசியோவிலும் போட்டி விடுதிகள் வந்தன. இணையச் சூதாட்டமும் வந்தது. பிராங்கின் பெறுமதி ஏற ஏறச் சம்பளச் செலவும் ஏறியது. மேசை தோற்கவில்லை, செலவுதான் அதை வென்றது. 2018 யூலை 27 இல் நீதிமன்றம் விடுதியை வங்குரோத்தானதாக அறிவித்தது. ஏறத்தாழ 500 பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். விடுதியின் வருமானத்தை நம்பியிருந்த ஊர்ச்சபையும் நொடித்தது. அதன் ஊழியருக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை, பெரும்பாலானோர் நிறுத்தப்பட்டார்கள்.

2019 இல் லுகானோவிலுள்ள என் சித்தியின் மகள் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். வாவியில் படகில் போகும்போது அந்த மாளிகையைக் காட்டினாள். அத்தனை பெரிய கட்டடம் ஆளரவமின்றி நின்றது. அவள் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்பவள். "அக்கா, அங்க வேலை செய்த ஆக்களும் கசினோ இருக்குமட்டும் ஒரு குறையும் வராதெண்டுதான் இருந்திருப்பினம். நான் ஊருக்கு அனுப்பிற காசும் இந்த ஒரு ஹோட்டலை நம்பித்தானே வருது" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

2022 சனவரி 26 இல் விடுதி மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் முன்பு இருந்தவர்களில் பாதிக்கும் குறைவானோருக்கே வேலை கிடைத்தது. இடையிலே போன மூன்றரை ஆண்டுகளை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

சகோதரிகளே, எமது வீடுகள் பலவற்றில் அடுப்பெரிவதும் ஒரே வருமானத்தால்தான். வெளிநாட்டிலிருக்கும் ஒரு சகோதரன், அல்லது ஒரு நிவாரணத் திட்டம், அல்லது ஒரு முதலாளி. அந்த உதவியை நன்றியோடு பெறுவோம். ஆனால் அது வந்துகொண்டிருக்கும் நாட்களிலேயே இரண்டாவது வழியொன்றையும் தேடிக்கொள்வோம். நாலு கோழி, ஒரு தையல் இயந்திரம், வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி மரக்கறி, குழுவிலே மாதாமாதம் போடும் சிறுசேமிப்பு, எதுவாகவும் இருக்கட்டும். கையில் காசு புழங்கும்போது வீட்டைப் பெருப்பிக்கும் முன், வருமானம் நின்றால் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்போம் என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். கம்பியோனே சபை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் அதன் ஊழியர்கள் வெறுங்கையோடு நின்றிருக்க மாட்டார்கள்.