வங்கப் பஞ்சமும் இரண்டு வைசிராய்களும்

அரிசி விலை ஏறினால் முதல் பழி நம் தலையில்தான் விழும். 'பதுக்கல்காரன்' என்ற பட்டமும் கூடவே வரும். அந்தப் பழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1943 வங்கப் பஞ்சத்தை வணிகர்களாகிய நாம் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அக்டோபரில் புயல் மிட்னாப்பூரைச் சூறையாடியது. எதிரிக்குப் பயன்படக் கூடாதென்று கரையோரப் படகுகளை அரசே கைப்பற்றியிருந்ததால், சரக்கு நகரவும் வழியில்லை. டிசம்பரில் கல்கத்தாவில் மணங்கு 13, 14 ரூபாய்க்கு விற்ற அரிசி, மே மாதம் 30-ஐத் தாண்டி ஆகஸ்டில் 37-ஐத் தொட்டது. (வங்காள மணங்கு நம் கணக்கில் சுமார் 37 கிலோ.)

மாகாண உணவு அமைச்சர் சுஹ்ராவர்தி என்ன சொன்னார்? தட்டுப்பாடு இல்லை, பதுக்கல்தான் காரணம் என்றார். ஜூன் மாதம் கிராமம் கிராமமாக இருப்புச் சோதனை நடந்தது. பெரிய மண்டிகள் இருந்த கல்கத்தாவும் ஹௌராவும் அதில் சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்! தேடியும் பெரிய இருப்பு அகப்படவில்லை. "சரக்கு இருக்கிறது" என்று சொன்ன அரசே தேடி ஏமாந்தால் மறுநாள் சந்தை எப்படித் திறக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வைசிராய் லின்லித்கோ பிரபு பஞ்சக் காலத்தில் வங்கத்தின் பக்கமே போகவில்லை. அவருக்குப் பின் அக்டோபர் 20-ல் பதவியேற்ற வேவல் பிரபு ஒரு வாரத்துக்குள் கல்கத்தாவில் இருந்தார். தெருவோரம் கிடந்தவர்களை நேரில் பார்த்தார். தானியத்தை மாவட்டங்களுக்குக் கொண்டுசேர்க்க ராணுவத்தை இறக்கினார். வெளிநாட்டுத் தானியத்துக்காக லண்டனுடன் தொடர்ந்து மல்லாடினார். டிசம்பர் அறுவடை அமோகமாக வந்ததும் அவருக்குக் கைகொடுத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நோயால் இறந்தவர்களோ 1944-லும் குறையவில்லை.

நம் தரப்பும் சுத்தமில்லை. பஞ்ச விசாரணைக் குழு 1945-ல் தந்த கணக்கு இது: இறந்தவர்கள் 15 லட்சம். (பின்னால் ஆராய்ந்தவர்கள் இருமடங்குவரை சொல்கிறார்கள்.) அரிசி வியாபாரத்தில் கிடைத்த மிகை லாபம் 150 கோடி ரூபாய். சாவு ஒன்றுக்கு 1000 ரூபாய்! பதுக்கல் மட்டுமே காரணம் என்ற பேச்சை மறுக்கும்போது இந்தக் கணக்கை நாம் மறைக்கக் கூடாது.

கல்கத்தாவில் ரேஷன் 1944 ஜனவரி 31-ல்தான் தொடங்கியது. பம்பாயில் அது 1943 மே மாதமே வந்துவிட்டது.