காதின் முடிவு: ஒரு டிரம்மரின் முதல் தனி ஆல்பம்

டிரம்மர் தனி ஆல்பம் போடுகிறார் என்றால் நீளமா ஒரு டிரம் சோலோ வரும்னு எதிர்பார்ப்போம். ராபர்ட் வயட் 1970-ல் வெளியிட்ட 'தி எண்ட் ஆஃப் அன் இயர்' அப்படி இல்லை. அதில் டிரம்ஸுக்கு இணையாக முன்னால் நிற்பது அவருடைய குரல். ஆனால் அந்தக் குரலில் பாடல் வரிகள் என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது.

ஏன் இப்படி? பின்னணி தெரிந்தால் புரியும். வயட், சாஃப்ட் மெஷின் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் டிரம்மர், பாடகரும் அவர்தான். குழு மெல்ல ஜாஸ் பக்கம் நகர்ந்தது. 1970-ல் வந்த 'தேர்ட்' ஆல்பத்தில் மொத்தம் நாலே உருப்படி. அதில் பாட்டு இருப்பது வயட்டுடைய 'மூன் இன் ஜூன்' ஒன்றில் மட்டும். 1971-ல் வந்த 'ஃபோர்த்'தில் அதுவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே வந்ததுதான் தனி ஆல்பம். அதன் உறையில் தன்னை வேலையில்லாத பாப் பாடகர் என்று கிண்டலாக அறிமுகம் செய்துகொள்கிறார். கிண்டல்தான், ஆனால் நிலைமையும் அதுதான்.

டெக்னிக் எளிது. குரலை அடுக்கடுக்காகப் பதிவு செய்வது, டேப்பின் வேகத்தை மாற்றுவது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும், நேரம் பாதியாகும். இன்றைய மென்பொருளில் இரண்டையும் தனித்தனியா மாற்றலாம். சாதாரண டேப்பில் ஒன்றைத் தொட்டால் மற்றதும் மாறும். அதனால் மனிதக் குரலே வேறு ஏதோ வாத்தியம் மாதிரி ஆகிவிடுகிறது.

கேட்கத் தொடங்குபவர்கள் கில் எவன்ஸின் 'லாஸ் வேகாஸ் டேங்கோ'விலிருந்து தொடங்கலாம். ஆல்பத்தின் முதலும் கடைசியும் அதே மெட்டுதான். நடுவில் இருப்பவை பெரும்பாலும் நண்பர்களுக்குச் சமர்ப்பணம். முதல் தடவை கேட்கும்போது குழப்பமாத்தான் இருக்கும், பரவாயில்லை.

1971-ல் வயட் குழுவை விட்டு விலகினார். 1973-ல் ஜன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பெடல் மிதித்து டிரம்ஸ் வாசிப்பது முடிந்துபோனது. அடுத்த ஆண்டு வந்த 'ராக் பாட்டம்' அவரைப் பாடகராக நிலைநிறுத்தியது. விபத்துதான் டிரம்மரைப் பாடகர் ஆக்கியது என்று கதை சொல்வது சுலபம். ஆனால் 'ராக் பாட்டம்' ஆல்பத்தின் 'சீ சாங்' முடிவில் சொல்லில்லாமல் அலையும் குரலைக் கேளுங்கள். அதற்கான ஒத்திகை, கால்கள் நன்றாக இருந்த 1970-லேயே நடந்துவிட்டது.